பெரியப்பா என்று ஒரு சலவை மெஷின்

தம்பி போன் பண்ணிய நேரத்தில் அக்கா ஒரு பெரியவருக்கு மூக்குக்கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தாள். எத்தனை வளைத்தும் ஃபிரேம் அவர் மூக்கில் நிற்காமல் சறுக்கிச் சறுக்கி இறங்கியது. போன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடியும் அடித்தது. தம்பி அப்படி விடாமல் அடிக்கிற ஆள் இல்லை. பேசுவதற்குக் கூலி கொடுத்தாலும் யோசித்துத்தான் வாயைத் திறப்பான். பெரியவரின் கையில் கண்ணாடியைக் கொடுத்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, அக்கா லென்ஸ் தேய்க்கும் உள்ளறைக்குப் போனாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். சின்ன வயசுல நாம என்ன விளையாடினோம்?"

"என்னடா கேள்வி இது? கடையில ஆள் உக்காந்திருக்கு."

"சொல்லேன். எனக்கு எதுவும் கோர்வையா ஞாபகம் வரமாட்டேங்குது."

அவன் குரல் தழுதழுத்தது. விஷயம் குழந்தையைப் பற்றியது என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

தம்பிக்கு ஒரே பெண். மூன்று வயது முடிந்தவள். வீட்டில் பொடிசு என்பார்கள். மாடிப்படியில் உருண்டு விழுந்து தொடை எலும்பு முறிந்து, இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டோடு வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கட்டைப் பிரித்தாயிற்று, எலும்பும் கூடிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை வேறு, திரும்பி வந்த பிள்ளை வேறு. முன்பெல்லாம் தூங்கும்போதுதான் வாய் ஓயும். இப்போது எதுவானாலும் விரலைத்தான் நீட்டினாள். நடக்கத் தெரிந்தும் நடக்கவில்லை. அம்மாவின் சட்டை நுனியைப் பிடித்தால் விடமாட்டாள்.

"எலும்பு வேலை முடிஞ்சுது. இனிமே விளையாட விடுங்க, அதுதான் மருந்து" என்று டாக்டர் சொல்லியனுப்பினார். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் அம்மாவும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். தலையணை மேல் நிற்க வைத்தால் காலுக்குத் தெம்பு வரும், மணி கோத்தால் விரலுக்கு நல்லது, பந்தை உருட்டிக்கொண்டே பேசினால் பேச்சு வரும் என்று.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டான். லிஃப்ட்டுக்கு சர்வீஸ் பார்ப்பதுபோல, காலையில் கால், மத்தியானம் விரல், சாயங்காலம் பந்து என்று முறை வைத்து, போனில் நேரம் குறித்து ஆரம்பித்தான். "நில்லு கண்ணு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பான். வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றியதுபோல் பொடிசு நிற்பாள். போன் மணி அடித்ததும் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் அவன் வண்ண மணிகளை எடுத்து வந்தபோது, திட்டுக்குப் பயந்தவள்போல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவன் அக்காவுக்கு போன் போட்டான்.

"நான் வரேன்" என்றாள் அக்கா.

பெரியவரின் மூக்குக்கு ஒரு வழி பண்ணிவிட்டு, கடையைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு, மறுநாள் காலை பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தம்பி கேட்ட கேள்விதான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஞாபகம் இல்லையாம். அவளுக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. எதை விடுவது என்பதுதான் தெரியவில்லை.

அவர்கள் அம்மா ஒரு லாட்ஜின் சலவை அறையில் வேலை பார்த்தாள். லாட்ஜின் பின்பக்கம், படி இறங்கிப் போகவேண்டும். பிள்ளைகளை விட்டுவிட்டு வர ஆள் இல்லாததால் இரண்டையும் கூடவே கூட்டிப்போவாள். உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். அதில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். உள்ளே எந்நேரமும் வெதுவெதுப்பாக, சோப்பும் நீராவியும் கலந்த மணமாக இருக்கும். ஒரு மூலையில் அழுக்குப் படுக்கை விரிப்புகள் மலைபோலக் கிடக்கும். அந்த மலையில் ஏறிச் சறுக்குவதுதான் வந்ததும் முதல் வேலை. "துணியில கால வைக்காதீங்கடா" என்று அம்மா கத்துவாள். எப்படியும் துவைக்கப்போகிற துணிதான் என்பதால் அந்தக் கத்தலில் காரம் இருக்காது.

நடுவில் ஒரு பழைய மெஷின் இருந்தது. ஆரம்பத்தில் உர்ரென்று உறுமும், நடுவில் இருமும், தண்ணீரைப் பிழியும் சமயத்தில் கைகால் எல்லாம் உதறிக்கொண்டு இருந்த இடத்தைவிட்டு நகர்ந்தே வரும். அவர்களுடைய பெரியப்பாவுக்குக் கோபம் வந்தால் அச்சு அசல் அப்படித்தான். அதனால் மெஷினுக்குப் பெரியப்பா என்று பேர் வைத்தாள் அக்கா. "பெரியப்பாவுக்குத் தண்ணி வச்சாச்சா?" "பெரியப்பா வாயில துணி மாட்டிக்கிச்சு!" அம்மா முதலில் அதட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் அவளே, "பெரியப்பாவ அணைச்சுட்டு வா, வீட்டுக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டு, முதலாளி காதில் விழுந்ததோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

தம்பிக்கு அப்போது நாலு வயது. ஒரு வார்த்தை பேசமாட்டான். காது நன்றாகக் கேட்டது, சொன்னால் புரிந்தது, 'உம்' என்பதோடு சரி. உம்மு என்றே கூப்பிட்டார்கள். சொந்தக்காரர்கள் வந்தால் அவனை நடுவில் நிற்க வைத்து, "மாமா சொல்லு, அத்தை சொல்லு" என்று ஆளாளுக்குப் பிடுங்குவார்கள். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, கடைசியில் அக்காவின் பாவாடைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான்.  அவர்கள் போனதும் அம்மா பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள்.

அக்காவுக்கோ அது பெரிய குறையாகவே தோன்றவில்லை. எதிர்த்துப் பேசாத தம்பி எத்தனை பேருக்குக் கிடைப்பான்? கடைக்காரி, டிரைவர், டீச்சர், எல்லாமே அவள்தான். அவன் சாமான் வாங்குகிறவன், பயணி, மக்குப் பையன். துணி மாட்டும் கிளிப்புகளை அவன் விரல் நுனியில் மாட்டிவிட்டு, முதலை வருகிறது என்று பயந்து ஓடுவாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு துரத்துவான். லாட்ஜில் தங்குகிறவர்கள் ஜோடி தவறவிட்டுப்போன காலுறைகள் ஒரு கூடை நிறையக் கிடக்கும். அவற்றுக்குக் கல்யாணம் பண்ணிவைப்பது இன்னொரு விளையாட்டு. ஒரே நிறம், ஒரே நீளம், ஒரே கோடு, எல்லாம் பொருந்தினால்தான் கல்யாணம். தம்பி உன்னிப்பாகத் தேடி ஜோடியை எடுத்து நீட்டுவான். கடைசிவரை ஜோடி சேராத ஒரு பச்சைக் காலுறையை ஒண்டிக்கட்டை என்று இருவரும் செல்லமாக வைத்திருந்தார்கள்.

ஒரு மழை நாளில் அவளுக்கு எல்லா விளையாட்டும் அலுத்துப்போயிற்று. பெரியப்பா தண்ணீரைப் பிழிய ஆரம்பித்து ஆட்டமாய் ஆடிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் தாடையை வைத்து "ஆ..." என்று சும்மா கத்தினாள். குரல் துண்டு துண்டாய் உதறி "ஆ-ஆ-ஆ-ஆ" என்று வெளியே வந்தது. அவளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. தம்பி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறித் தானும் தாடையை வைத்தான். கொஞ்ச நேரம் அதிர்வை மட்டும் அனுபவித்தான், கண் இறுக்கி மூடியிருந்தது. பிறகு அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி, நடுங்கி, நொறுங்கி, அறை முழுக்கச் சிதறியது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தான். மறுபடியும் தாடையை வைத்தான். "ஆ-ஆ-ஆ-ஆ!"

வெளியே கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். அவனைத் தூக்கவில்லை, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்கவில்லை. மழை நனைத்த துணிகளை மார்போடு அணைத்தபடி, மெஷின் ஓய்கிறவரை நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து அடுத்த துணியைப் போட்டு மறுபடி ஓடவிட்டாள். துணி ஏற்கனவே துவைத்த துணி என்பதை அக்கா கவனித்தாள்.

அதற்குப் பிறகு பேச்சு மெதுவாக வந்தது. 'ஆ' வந்து, 'க்கா' வந்து, ஒரு நாள் காலுறைக் கூடைக்குள் தலையை விட்டபடி "ஒண்டி எங்க?" என்று முழுசாய்க் கேட்டான்.

பஸ் நின்றபோது அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். தம்பி நின்றுகொண்டிருந்தான். வேலைச் சட்டையில் கிரீஸ் கறை, கண்ணுக்குக் கீழே கருவளையம். பையை வாங்கிக்கொண்டு, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டான்.

வீட்டில் கூடம் பொம்மைக் கடை மாதிரி இருந்தது. கட்டைகள், வளையங்கள், விளையாட்டு மாவு டப்பாக்கள், ஆடும் குதிரை. நடுவில் பொடிசு, வியாபாரம் ஆகாத கடைக்காரிபோல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தம்பி மனைவி நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்பத் தயாராக நின்றாள். வேறொரு ஆஸ்பத்திரியில் அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை.

"நல்லவேளை வந்தீங்க அண்ணி. உங்க தம்பி அவளையும் லிஃப்ட்டுனு நினைச்சுட்டாரு" என்றாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. பிள்ளையின் விரல்களைத் தன் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போனாள்.

அக்கா பொடிசை எதுவும் கேட்கவில்லை. அத்தை சொல்லு என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பஸ்ஸில் வாங்கிய வாழைப்பழத்தை உரித்துப் பாதியை வைத்துவிட்டு, மீதிப் பாதியைத் தின்றுகொண்டே தம்பியிடம் சலவை அறைக் கதையைச் சொன்னாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

"மெஷின்ல தாடையை வச்சா நான் பேசினேன்? யாரும் எனக்குச் சொன்னதே இல்லியே!"

"அம்மா சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. சொந்தக்காரங்க வந்து மெஷின் முன்னாடி நிக்கவச்சுக் கத்தச் சொல்லுவாங்கன்னு பயம்."

தம்பி சட்டென்று எழுந்தான். "தெருமுனையில காசு போட்டுத் துவைக்கிற கடை ஒண்ணு இருக்கு. வா போகலாம்."

"டேய், அது அப்ப என்னமோ..."

அவன் கேட்கவில்லை. கட்டிலில் இருந்த விரிப்பு, தலையணை உறை, ஜன்னல் திரை என்று கண்ணில் பட்டதையெல்லாம் உருவி மூட்டை கட்டினான். பொடிசை ஒரு தோளில் போட்டான், மூட்டையை மறு தோளில்.

கடையில் மெஷின்கள் சுவரோடு சுவராகத் தரையில் போல்ட்டு போட்டு முடுக்கப்பட்டிருந்தன. படித்த பிள்ளைகள் மாதிரி அடக்க ஒடுக்கமாகச் சுற்றின. தம்பி ஒன்றின்மேல் கையை வைத்துப் பார்த்தான். "ஆட்டமே இல்ல" என்றான் ஏமாற்றத்தோடு. வேலையில் லிஃப்ட் இப்படி ஆடாமல் ஓடினால் மகிழ்ந்துபோகிறவன் அவன். ஆனாலும் விடவில்லை. பிழிகிற நேரம் வந்ததும் குனிந்து தன் தாடையை வைத்து "ஆ..." என்றான். வெறும் 'ஆ'தான் வந்தது. வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி பத்திரிகையைக் கீழே இறக்கி அவனைப் பார்த்தாள். பொடிசைத் தூக்கி மெஷினருகே கொண்டுபோனான். வட்டக் கண்ணாடிக்குள் துணிகள் வேகமாய்ச் சுழல்வதைப் பார்த்ததும் அவள் மிரண்டுபோய், அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"போதும்டா, விட்டுடு" என்றாள் அக்கா.

அவன் பொடிசை பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் தொங்கிய முகத்தோடு உட்கார்ந்தான். அக்காவிடம் கேட்டான்.

"நான் பேசாம இருந்தப்ப அம்மா என்னதான் பண்ணாங்க?"

"துணி துவைச்சாங்க."

"விளையாடாத. நிஜமா கேக்குறேன்."

"நிஜமாத்தான். அவங்க வேலையப் பாத்தாங்க. நமக்கு இடத்த விட்டாங்க. நானும் உனக்கு எதையும் கத்துக்குடுக்கணும்னு நினைக்கலடா. எனக்குப் பொழுது போகல, நீ பக்கத்துல இருந்த. அவ்வளவுதான்."

துணி உலர்ந்து சூடாக வந்தது. பெரிய விரிப்பை மடிக்க ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். இருவரும் சேர்ந்து துணி மடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் கால்கள் தாமாகப் பின்னால் போயின, கைகள் தாமாக உதறின. ஒரு காலத்தில் போட்டிபோட்டு மடித்தவர்கள். தம்பி இடதுகைக்காரன். எப்போதும் அவன் பக்கம்தான் முறுக்கிக்கொள்ளும். இப்போதும் முறுக்கிக்கொண்டது.

"அந்தக் கையில்லடா, இந்தக் கை!"

"இதான் இந்தக் கை."

"அது உனக்கு இந்தக் கை. எனக்கு அந்தக் கை!"

"நீ மாத்தேன். எப்பவும் நானேதான் மாத்தணுமா?"

"பொறந்ததுலேர்ந்து நீதான் தப்பா பிடிக்கிற!"

உண்மையாகவே சண்டை வந்துவிட்டது. பத்திரிகைப் பெண்மணி படிப்பதையே விட்டுவிட்டாள். கோபத்தில் அக்கா ஓங்கி ஒரு உதறு உதற, விரிப்பு காற்றை வாங்கிக் கூரைபோல் மேலே எழும்பியது. அது இறங்கும்போது அதற்குக் கீழே பொடிசு நின்றுகொண்டிருந்தாள். பெஞ்சியிலிருந்து எப்போது இறங்கினாள், எப்போது நடந்து வந்தாள், யாரும் பார்க்கவில்லை. சூடான துணி அவள் தலைமேல் மெல்லப் படிந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. தம்பி பதறித் துணியை எடுக்கப் போனான். அக்கா கண்ணாலேயே தடுத்து, மறுபடியும் மெதுவாக உதறினாள். கூரை எழும்பியது. பொடிசு அண்ணாந்து பார்த்தாள். இறங்கியது. எழும்பியது. கெந்திக் கெந்தி அந்தப் பக்கம் போய், அடுத்த முறை எழும்பும்போது இந்தப் பக்கம் வந்தாள்.

தம்பியின் மூலை கைநழுவி விழுந்தது. கூரை ஒரு பக்கமாய்ச் சரிந்தது.

"அப்பாக்குத் தெரியல" என்றாள் பொடிசு.

தம்பி அக்காவைப் பார்த்தான். என்ன சொன்ன, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டு, குனிந்து மூலையை எடுத்தான். "ஆமா கண்ணு, அப்பாக்குத் தெரியல" என்றான். துணியை உதறுகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டான். அன்றைக்கு அந்த ஒரு விரிப்பை மடித்துமுடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அதற்காக எல்லாம் ஒரே நாளில் நேராகிவிடவில்லை. மறுநாள் பொடிசு மறுபடியும் விரலைத்தான் நீட்டினாள். ஆனால் தம்பி போனில் மணி வைப்பதை விட்டான். பொம்மைகளில் பாதியை அலமாரிக்குள் வைத்தான். தலையணைகளைத் தரையில் தாறுமாறாகப் போட்டு, தரையெல்லாம் தண்ணீர், கால் பட்டால் நனைந்துபோவோம் என்று அக்கா தாவித் தாவி நடந்தாள். முதல் தாவலிலேயே சறுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தை விழுந்ததும் அப்படி ஒரு சிரிப்பு பொடிசுக்கு. பிறகு அவளே அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தாவினாள். பயிற்சிக்கார அம்மா சொன்னதும் இதே தலையணைதான். இப்போது அதில் யாரும் நேரம் பார்க்கவில்லை.

அக்கா கிளம்ப இருந்த அன்று சாயங்காலம், தம்பி மனைவி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பொடிசு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் தரையைக் காட்டினாள்.

"படு."

"ஏண்டா கண்ணு?"

"நீ பாப்பா. நான் நர்ஸு. படு."

அவள் சீருடையோடு அப்படியே படுத்தாள். பொடிசு குளியல் துண்டு ஒன்றை எடுத்துவந்து அம்மாவின் தொடையில் சுற்றினாள். சுற்றிச் சுற்றி, நுனியைச் செருகத் தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஒரு கிளிப்பை எடுத்து ஊசியாக்கி அம்மாவின் கையில் வைத்தாள்.

"ஆடக்கூடாது. கொஞ்சூண்டுதான் வலிக்கும். அம்மா வெளிய போயிருக்காங்க. வந்துடுவாங்க."

சமையலறை வாசலில் நின்ற அக்காவும் தம்பியும் அசையவில்லை. அந்த வார்த்தைகளைத் தம்பி மனைவி எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பாள்! தன் பிள்ளையிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் அவள் காதில் விழுந்தது. 

"நர்ஸம்மா, எனக்கு வலிக்குதே" என்றாள்.

பொடிசு யோசித்தாள். இதற்கு என்ன பதில் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"ரொம்பவா?"

"ரொம்ப."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

பொடிசு கிளிப்பைக் கீழே வைத்தாள். அம்மாவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினாள்.

"அப்ப அழு" என்றாள். "அழலாம்."

அம்மா அழுதாள். விளையாட்டுக்கு ஆரம்பித்த அழுகை எந்த இடத்தில் நிஜமாயிற்று என்று சொல்வதற்கில்லை. பொடிசு அவள் வயிற்றில் தலையை வைத்துப் படுத்துத் தானும் அழுதாள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாளாய் அவள் அப்படி வாய்விட்டு அழுததில்லை. தம்பி ஓர் அடி எடுத்து வைத்தான். பிறகு தானாகவே நின்றுகொண்டான்.

அழுது முடிந்ததும் பொடிசு மூக்கை அம்மாவின் சீருடையில் துடைத்துவிட்டு எழுந்தாள். கட்டைப் பிரித்தாள்.

"சரியாப் போச்சு. எழுந்திரு. அடுத்து அப்பா" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லியே" என்றான் தம்பி.

"உனக்கு ரெண்டு காலும் ஒடைஞ்சிருக்கு. படு."

லிஃப்ட் மெக்கானிக் மறுபேச்சுப் பேசாமல் தரையில் நீட்டிப் படுத்தான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்ல வந்த அக்கா, தனக்கு எங்கே உடைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு போகலாம் என்று பையைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்தாள்.